கீபோர்டுக்குப் பனியன் போட்டவள்

என் பெண்டாட்டி கெசியாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் கொஞ்சம் அதிகமாகத்தான் பேசுவேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு, "வின்ஸ்டன் பெண்டாட்டி பெருமை பீற்றிக்கொள்கிறான்" என்று யாரும் முணுமுணுக்க வேண்டாம். பீற்றிக்கொள்ளத்தான் போகிறேன். அப்படி ஒருத்தி வாய்த்திருக்கிறாள், நான் ஏன் அடக்கி வாசிக்க வேண்டும்?

அவளுக்குச் சொந்த ஊர் வெள்ளகோவில். பள்ளிக்கூடம் முடித்த கையோடு டைப்ரைட்டிங் கிளாசில் சேர்ந்து, தமிழிலும் இங்கிலீஷிலும் ஹையர் பாஸ் செய்தவள். கல்யாணமாகி கோயமுத்தூருக்கு வந்த பிறகு டவுன்ஹால் பக்கம் ஒரு டி.டி.பி. சென்டரில் கல்யாணப் பத்திரிகையும் கோர்ட்டு மனுவுமாக அடித்துத் தள்ளினாள். இப்போது கணபதியில் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, வீடியோவில் பேசுகிறவர்களின் பேச்சைக் காதில் வாங்கி, திரையின் அடியில் ஓடும் எழுத்தாக அடித்துக் கொடுக்கிறாள். நான் பம்ப் கம்பெனியில் ஃபிட்டர். எனக்கு வாய் வேகம், அவளுக்கு விரல் வேகம். எங்களுக்குள் சண்டை வந்தால் நான் ஹாலில் நின்று கத்துவேன். அவள் அடுப்படியிலிருந்து வாட்ஸப்பில் பதில் போடுவாள். நான் பேசி முடிப்பதற்கு முன்னாலேயே அவள் பதில் வந்து விழுந்திருக்கும். நான் என்ன சொல்லி முடிப்பேன் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரியும்.

எங்களோடு என் அக்கா அற்புதமும் இருக்கிறாள். மாமா இறந்த பிறகு, பல்லடத்தில் விசைத்தறி ஓட்டியே மகன் ஜெஃபினைப் படிக்க வைத்தவள். அவன் படித்து வேலைக்குப் போவதற்குள் தறிச்சத்தம் அவள் காதுகள் இரண்டையும் வாங்கிக்கொண்டது. காதுக்கு மிஷின் வைத்தும் பார்த்தோம். சத்தம் பெரிதாகக் கேட்டதே தவிரப் பேச்சு விளங்கவில்லை. கழற்றி டப்பாவில் வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மட்டும் தவறாமல் வருவாள். பாட்டுப் புத்தகத்தைப் பார்த்து வாயசைப்பாள். ஐயர், அதாவது எங்கள் சபைப் போதகர், பிரசங்கத்துக்கு எழுந்து நின்றுவிட்டால் போச்சு, அவளுக்கு எல்லாம் ஊமைப்படம்தான். ஜெபம் முடிந்ததும் சபையே சேர்ந்து "ஆமென்" சொல்லும் அல்லவா? அக்கா மற்றவர்கள் வாயசைவதைப் பார்த்த பிறகு சொல்வாள். சபை சொல்லி முடித்து அமைதியான பிறகு, இவளுடைய "ஆமென்" தனியாக வரும். தன் குரல் தனக்கே கேட்காததால் சர்ச் கூரை அதிரும்படி வரும். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் களுக்கென்று சிரித்துவிடும். ஒருநாள் அக்கா திரும்பிப் பார்த்துவிட்டாள். அதற்கப்புறம் அவள் ஆமென் சொல்வதையே நிறுத்திவிட்டாள்.

"ஏக்கா, ஆமென் சொல்ல மாட்டேங்கறே?" என்று போனில் எழுதிக் காட்டினேன்.

"எனக்கும் சேர்த்து நீயே ரெண்டு வாட்டி சொல்லிப்போடு," என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கெசியா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சர்ச்சுக்கு வந்துவிட்டாள்.

அக்கா மடியில் ஒரு டேப், பெரிய சைஸ் போன் மாதிரி. ஐயர் பேசப் பேச கெசியா அடிப்பாள். அடிக்க அடிக்க அது அக்காவின் டேப்பில் பெரிய எழுத்தாக ஓடும். ஐயர் நடுவில் ஒரு தமாஷ் சொன்னார். சபை சிரித்தது. சபையோடு சேர்ந்து என் அக்காவும் சிரித்தாள். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் பிரியாணி வாங்கினேன்.

ஆனால் அந்த லேப்டாப்பின் பட்டன்கள் ஏற்கனவே தேய்ந்து, பாதி வேலை செய்யாமல் கிடந்தவை. கெசியா வேகமெடுத்தால் எழுத்து விட்டுப்போகும். அதனால் உக்கடத்தில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் நாகூர் மீரான் பாயிடம் ஒரு மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கினோம். அதில் ஒவ்வொரு பட்டனுக்கும் அடியில் தனித்தனி ஸ்விட்ச், தனித்தனி ஸ்பிரிங். கெசியாவின் விரல் அதில் பறந்தது. எழுத்து ஒன்று கூடத் தவறவில்லை. சத்தம்தான்... ஐயோ சாமி, அந்தச் சத்தம்! தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல இருந்தது.

மறுவாரமே சர்ச் செக்ரட்டரி வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க வின்ஸ்டன், சபைக்குள்ள தறி போட்டுட்டீங்களாட்ட இருக்குதுங்க?"

தறியால் காது போனவளுக்காகத்தான் அந்தச் சத்தம் என்று அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். கெசியா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கடைசி பெஞ்சுக்கு மாறிக்கொண்டோம். அங்கே ஃபேன் சத்தத்தில் இது அமுங்கிவிடும். அப்படியே காலம் ஓடியது.

ஜெஃபினுக்குக் கல்யாணம் நிச்சயமானபோதுதான் சிக்கல் வந்தது. பெண் லின்சி, பொள்ளாச்சிக்காரி. ஜனவரி மாதம், வியாழக்கிழமை காலையில் எங்கள் சர்ச்சிலேயே கல்யாணம். வெளிநாட்டுச் சொந்தங்களுக்காக வீடியோ நேரடியாக ஓடும். அதற்காகப் பெண்ணும் மாப்பிள்ளையும் நிற்கும் ஆல்டர் பக்கத்தில் கூடுதலாக மைக் வைப்பார்கள். செக்ரட்டரி தெளிவாகச் சொல்லிவிட்டார்: "முன் பெஞ்சுல உக்காந்து தட்டுனா மைக்குல தட்டலுதாங்க கேக்கும். அந்த மிஷின் வேணுமுன்னா கடைசி பெஞ்சு. அப்பறம் உங்க இஷ்டமுங்க."

மாப்பிள்ளையின் அம்மா கடைசி பெஞ்சிலா? எந்த ஊரில் அப்படி நடக்கும்?

ஜெஃபின் ஐ.டி.யில் இருப்பவன். பேச்சைத் தானே எழுத்தாக்கும் ஒரு ஆப்பைக் கொண்டுவந்து சர்ச்சில் வைத்துப் பார்த்தான். அந்த எதிரொலியில் அது குழம்பிப்போய், ஐயர் "கர்த்தர்" என்று சொன்ன இடத்திலெல்லாம் "கத்தரி" என்று போட்டது. அக்கா அரைப் பிரசங்கம்வரை படித்துவிட்டு, "இன்னிக்குக் காய்கறி வெவசாயத்தப் பத்தியா பேசறாரு?" என்று கேட்டாள். ஆப்பை அழித்துவிட்டான்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் அக்கா தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்: "எம்பையன் கல்யாண உடன்படிக்கை சொல்லறப்ப அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே, என்ன சொல்லறான்னு அப்பவே எனக்குத் தெரியோணும். அப்புறமேட்டுக்கு எழுதிக் காட்டறதெல்லாம் வேண்டாம். முன்னால உக்காந்தா பேச்சு இல்ல, பின்னால உக்காந்தா மூஞ்சி இல்ல. நான் எங்க போயி உக்காரட்டும்?"

எனக்கு வந்த கோபத்தில், செக்ரட்டரி வீட்டுக்குப் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று செருப்பை மாட்டினேன்.

"நீங்க சண்டை போட்டா கீபோர்டு சத்தம் கொறஞ்சு போயிருங்களா?" என்றாள் கெசியா. "சித்தெ சும்மா இருங்க. அந்தச் சின்ன ஸ்குரூடிரைவர எடுத்துக் குடுத்துப்போட்டு டீ வெய்யுங்க."

டீ வைத்துக் கொண்டுவருவதற்குள் கீபோர்டு குடல் வேறு கால் வேறாகக் கிடந்தது.

"உள்ள பாருங்க, வெறும் டப்பா. காலி டப்பாவத் தட்டுனா கணகணன்னு கேக்காம என்ன பண்ணும்?" என்று சொல்லிக்கொண்டே பீரோவைத் திறந்தாள். என் பனியன் ஒன்றை எடுத்தாள். கத்தரியை வைத்தாள்.

"அடியே, அது புதுசு!"

"பழசெல்லாம் நைஞ்சு கெடக்குதுங்க. இதுதான் கெட்டியா இருக்குது. திருப்பூர் சரக்கு."

பனியனை டப்பாவின் அளவுக்கு வெட்டி, மடித்து, அடியில் விரித்தாள். அதிகம் மடித்தால் மூடி மூடவில்லை. குறைத்தால் கணகணப்பு போகவில்லை. போட்டும் எடுத்தும் ஒரு பதத்துக்குக் கொண்டுவந்தாள். பிறகு பெயின்டர்கள் ஒட்டுவார்களே, அந்தப் பேப்பர் டேப்பை உள்ளே இருக்கும் பச்சை போர்டின் முதுகில் அடுக்கடுக்காக ஒட்டினாள். கணகணப்பு அடங்கி, மரப்பலகையைத் தட்டுவது போல டொக்கு டொக்கு என்று ஆனது. நீளமான ஸ்பேஸ் பட்டன் மட்டும் லொடலொடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அதன் கம்பி உட்காரும் இடத்தில், காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரைத் துளித்துளியாக வெட்டி ஒட்டினாள். லொடலொடப்பு நின்றுவிட்டது.

மிச்சம், பட்டன் அடியில் போய் இடிக்கும் சத்தம். அதற்கு சைக்கிள் கடையில் வால் டியூப், அதாவது டயரில் காற்றடிக்கும் இடத்தில் மாட்டும் பொடி ரப்பர் குழாய், வாங்கி வரச் சொன்னாள். நூல் மாதிரி மெல்லிய வளையங்களாக நறுக்கி, ஒவ்வொரு பட்டனையும் கழற்றி அதன் காம்பில் மாட்டினாள். கடைக்காரன், "எத்தன சைக்கிளுங்க வெச்சிருக்கீங்க?" என்று என்னைக் கேட்டான். எங்கள் வீட்டில் சைக்கிளே கிடையாது.

ஒவ்வொரு வேலை முடிந்ததும் பரீட்சை நடக்கும். நான் அடுத்த அறையில் போனில் பதிவு செய்வேன். அக்கா மேசைமேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொள்வாள். கெசியா அடிப்பாள். "எங்கையில அதிர்வு இன்னும் வருது," என்பாள் அக்கா. காது கேட்காதவளிடம் போய்ச் சத்தம் குறைந்ததா என்று கேட்கிறோமே என்று நான் கிண்டல் செய்தேன். ஆனால் அவள் கையில் வந்தது என் போனிலும் இருந்தது. மேசைக்கு அடியில் துண்டை மடித்துப் போட்டோம். "இப்ப இல்ல," என்றாள்.

இந்த இடத்தில் என் பெண்டாட்டி செய்த கூத்தையும் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் பெருமை நம்பும்படியாக இருக்காது.

சத்தமெல்லாம் அடங்கிய பிறகும், ஸ்விட்ச்களுக்குள் ஸ்பிரிங் உரசும் கரகரப்பு கொஞ்சம் இருந்தது. எண்ணெய் விட்டால் போய்விடும் என்றாள். நிச்சயதார்த்தத்துக்கு வந்தபோது லின்சி வீட்டார் ஒரு கேன் நிறையப் பொள்ளாச்சித் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்திருந்தார்கள். மத்தியான வெயிலில் உட்கார்ந்து, ஸ்விட்ச் ஒவ்வொன்றிலும் அதைத் தொட்டு வைத்தாள். அடடா! பட்டன்கள் வெண்ணெய் மாதிரி இறங்கின. "சம்பந்தி ஊட்டு எண்ணெய், சும்மாவா!" என்று நான்தான் மெச்சினேன். அக்காவும் தலையாட்டினாள்.

கல்யாணத்துக்கு முந்தைய ஞாயிறு, விடிகாலை ஆராதனையில் செக்ரட்டரிக்குக் காட்டிவிடலாம் என்று முன் பெஞ்சில் போய் ஜம்பமாக உட்கார்ந்தோம். நல்ல குளிர். ஐயர் ஆரம்பித்தார். கெசியா அடித்தாள். சத்தமே இல்லை! நான் பின்னால் திரும்பி செக்ரட்டரியைப் பார்த்து மீசையைத் தடவினேன்.

திரும்பிப் பார்த்தால், எழுத்தும் இல்லை. அமுங்கிய பட்டன் மேலே வரவில்லை. ஒரு பட்டன் அமுங்கியபடியே நின்று, அக்காவின் டேப்பில் "கககககககக" என்று வரி வரியாக ஓடிக்கொண்டிருந்தது. அக்கா அதையும் மரியாதையாகப் படித்தாள். பிறகு தன் கணக்கில் ரகசியமாக, சபை முழுக்கக் கேட்கும்படி, கேட்டாள்:

"அம்மணி, ஐயருக்குத் திக்குவாயா?"

ஐயரே சிரித்துவிட்டார். கெசியா சிரிக்கவில்லை. கீபோர்டைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே போனாள். வீட்டுக்கு வந்து அடுப்படியில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "இனிக் கல்யாணத்தன்னிக்கு அண்ணிய நானே கூட்டிட்டுப் போயி கடைசி பெஞ்சுல உக்கார வெக்கோணுமுங்க," என்றாள். அதைவிடக் கொடுமை, அன்று மத்தியானம் எடுத்துப் பார்த்தால் அந்தக் கீபோர்டு ஒழுங்காக ஓடியது! எங்கே பழுது என்று கண்டுபிடிக்க முடியாமல் அவளுக்கு எரிச்சல் தலைக்கேறியது.

மறுநாள் காலையில் கம்பெனிக்குக் கிளம்பும் அவசரத்தில் தலைக்குத் தேய்க்க எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தேன். சொட்டுகூட விழவில்லை. வழக்கம்போலக் கத்தினேன்: "எண்ணெய் ஒறஞ்சு கெடக்குது, வெயில்ல எடுத்து வெய்யின்னு எத்தன வாட்டி சொல்லறது?"

கெசியா ஓடிவந்தாள். பாட்டிலை என் கையிலிருந்து பிடுங்கினாள். வெள்ளை வெளேரென்று கல்லாக உறைந்திருந்த எண்ணெயைப் பார்த்தாள். கீபோர்டைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள், அடக்க முடியாத சிரிப்பு.

"ஏனுங்க, அதுக்குக் குளுருதுங்க!"

மார்கழி, தை மாதத்தில் தேங்காய் எண்ணெய் பாட்டிலை வெயிலில் வைக்காத வீடு எங்கள் ஊரில் உண்டா? நான் மிஷினோடு மாரடிக்கிறவன். அவள் நாள் தவறாமல் எண்ணெய் தேய்த்துத் தலை பின்னுகிறவள். ஒருத்தருக்கும் உறைக்கவில்லை பாருங்கள்.

அன்றைக்கு நான் லீவு போட்டேன். ஸ்விட்ச்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் திறந்தோம். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தோம். நூல் அறுந்தால் ஓடுகிற தறியில் முடிச்சுப் போட்ட விரல்கள் என் அக்காவுடையவை. அந்தப் பொடி ஸ்பிரிங்குகளில் ஒன்றைக்கூட அவள் தவறவிடவில்லை. நான் தவறவிட்டவற்றையும் சோபாவுக்கு அடியிலிருந்து அவள்தான் பொறுக்கினாள். பல் குத்தும் குச்சியின் நுனியில் தையல் மிஷின் எண்ணெய் எடுத்து, கெசியா பட்டும்படாமல் தொட்டு வைத்தாள். எல்லாவற்றையும் மாட்டிய பிறகு கீபோர்டைப் பாலித்தீன் கவரில் போட்டுக் கட்டி, ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதென்னடி கூத்து?"

"வெசாளக்கெழமை குளுர இன்னிக்கே காட்டிப்போடறனுங்க."

சில்லென்று வெளியே எடுத்து, கவரோடு வைத்து அடித்தாள். போன பட்டனெல்லாம் சமர்த்தாகத் திரும்பி வந்தது. அக்கா மேசைமேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, அந்தக் கையாலேயே கெசியாவின் கன்னத்தை வழித்து முத்தம் வைத்தாள்.

வியாழக்கிழமை காலை. சர்ச் நிறைந்திருந்தது. பட்டுப்புடவையில் அக்கா முன் பெஞ்சில், மாப்பிள்ளையின் அம்மா உட்கார வேண்டிய இடத்தில். பக்கத்தில் கெசியா, மடியில் துண்டு, துண்டின் மேல் கீபோர்டு, அதன்மேல் தழைய விட்ட முந்தானை. நான் பின் பெஞ்சில் இருந்தேன். செக்ரட்டரி பக்கவாட்டில் மைக் வயரைச் சரிசெய்துகொண்டு நின்றார்.

ஐயர் சொல்லச் சொல்ல ஜெஃபின் உடன்படிக்கையைத் திருப்பிச் சொன்னான். டேப்பில் எழுத்து ஓடியது. அக்கா ஒரு கண்ணால் அதைப் படித்து, மறு கண்ணால் மகனைப் பார்த்தாள். பாதியில் அவன் நின்றுவிட்டான். சர்ச் அமைதியாகக் காத்திருந்தது. குண்டூசி விழுந்தால் கேட்கும் அந்த அமைதியில் கெசியாவின் விரல்கள் அசைந்தன. ஒரு சத்தம் இல்லை. எட்டிப் பார்த்தேன். "ஜெஃபினுக்குத் தொண்டை அடைக்குதுங்க அண்ணி. நீங்க ஒரு வாட்டி அவனைப் பாருங்க."

அக்கா தலையை நிமிர்த்தி மகனைப் பார்த்தாள். 'சொல்லு கண்ணு' என்பது போல மெல்லத் தலையசைத்தாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்லி முடித்தான். அந்த நேரத்தில் என் பெண்டாட்டியின் முதுகைப் பார்த்து எனக்குப் பெருமை தாங்கவில்லை. எழுந்து நின்று எல்லோரிடமும் சொல்லிவிடலாமா என்றிருந்தது.

பிறகு ஆசீர்வாத ஜெபம். எல்லோரும் கண்ணை மூடினார்கள். அக்கா மட்டும் திறந்து வைத்துக்கொண்டு படித்தாள். நானும் மூடவில்லை. ஐயர் ஜெபத்தை முடிக்கும் இடம் கெசியாவுக்குத் தெரியாதா? என் சண்டையையே முடிப்பதற்கு முன்னால் தெரிந்துகொள்கிறவள்! ஐயர் கடைசி வார்த்தைக்கு மூச்சு இழுத்தார். அதற்குள் டேப்பில் "ஆமென்" வந்து நின்றது.

சபை முழுவதும் "ஆமென்" சொன்னது. அதோடு சேர்ந்து, அதே நொடியில், கூரை அதிர என் அக்காவும் சொன்னாள். ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. நான் அழுதேன், அதிலென்ன வெட்கம்?

பந்தியில் செக்ரட்டரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நல்லவேளைங்க வின்ஸ்டன், அந்த மிஷினக் கொண்டாராம உட்டுட்டீங்க."

"கொண்டாந்தமுங்களே! உங்க காலடியிலதான் அடிச்சுட்டிருந்தா."

அவர் பாதி வாய் சோற்றோடு என்னைப் பார்த்தார். "நெசமாலுமுங்களா?" என்றவர், வாயிலிருந்த சோற்றை விழுங்கிவிட்டு, "எங்கம்மாவுக்கும் இப்ப சரியா காது கேக்கறதில்லைங்க. வர்ற ஞாயித்துக்கெழமை பக்கத்துல உக்கார வெச்சுக்குவீங்களா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்கு முன்னால், பரிமாறிக்கொண்டிருந்த கெசியா, "கூட்டிட்டு வாங்க" என்று அவர் இலையில் இன்னொரு கரண்டி குருமா ஊற்றினாள்.

கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில் வீடியோ எடுத்த சாஹில் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணா, ஆடியோ அருமையா வந்துருக்குதுங்க. பக்கத்துல ஒரு கரகரப்பு, ஒரு தட்டல், ஒண்ணுமே இல்லைங்க. ஆனா ஜெபம் முடியற எடத்துல யாரோ ஒரு அம்மா 'ஆமென்'னு பயங்கரமா கத்தீட்டாங்க. அத மட்டும் கொறச்சுப்போடட்டுங்களா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே கெசியா போனை வாங்கிக்கொண்டாள்.

"கொறைக்க வேண்டியதெல்லாம் நாங்க ஊட்டுலயே கொறச்சுப்போட்டமுங்க தம்பி. அது அப்படியே இருக்கட்டும்."